எல்லாப் பழியையும் எம்.எஸ். தலையில் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 54. எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை சிதையும் நோய்) 19 வருடமாக இருக்கிறது. வலது காலில் பலம் குறைவு, பாதம் தொங்கும். வீட்டுக்குள் கைத்தடியோடு நடப்பேன். கடந்த ஐந்து மாதத்தில் மூன்று முறை விழுந்துவிட்டேன். முதல் தடவை இரவு இரண்டரை மணிக்கு, பாத்ரூம் போகும் வழியில். இரண்டாவது, வெந்நீரில் குளித்துவிட்டு வெளியே வரும்போது. மூன்றாவதை விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கட்டிலில் உட்காரப் போனவள் விளிம்பில் சறுக்கித் தரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். மகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அன்றிலிருந்து முதுகில் வலி, விலாவுக்குக் கீழே சுற்றிலும் பட்டை கட்டியதுபோல் இறுக்கம். எம்.எஸ். வலிதான் என்று பத்து நாள் பொறுத்துக்கொண்டேன். இடையில் காலும் சோர்ந்துபோக, நோய் திரும்பக் கிளம்பிவிட்டது என்று 5 நாள் ஸ்டீராய்டு டிரிப்ஸ் போட்டார்கள். சிறுநீர்த் தொற்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் எக்ஸ்ரே எடுத்ததில் டி-12, எல்-1 (நடுமுதுகின் கடைசி, கீழ்முதுகின் முதல்) இரண்டு முள்ளெலும்பும் முன்பக்கம் நசுங்கியிருக்கின்றன. ஒருவர் சிமென்ட் ஊசி போடலாம் என்கிறார். இன்னொருவர் பெல்ட் போட்டுக்கொண்டு மூன்று மாதம் படுத்திருக்கச் சொல்கிறார். இது நான்காவது வாரம். பத்துக்கு ஒன்பது என்றிருந்த வலி இப்போது ஐந்துக்கு வந்திருக்கிறது. தசை இறுக்கத்துக்கு இரவு பாக்லோஃபெனும், முகவலிக்குக் கார்பமசெபினும் சாப்பிடுகிறேன். மாதவிடாய் 47 வயதில் நின்றுவிட்டது. இனி நடப்பேனா? மறுபடி விழாமலிருக்க என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

சிமென்ட் இப்போதைக்கு வேண்டாம். மூன்று மாதப் படுக்கை வேண்டவே வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனால் உங்களைப் பயமுறுத்தும் அந்த இரண்டு எலும்புகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவை 6 முதல் 12 வாரத்தில் தாமாகவே கூடிவிடும். நசுங்கிய வடிவம் பழையபடி நிமிராது, கொஞ்சம் உயரம் குறையும், அவ்வளவுதான். என் கவலை மூன்றாவது எலும்பைப் பற்றி. மாதவிடாய் நின்ற, எலும்பு மெலிந்த பெண்களில் ஒருமுறை முதுகெலும்பு நசுங்கியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள்ளேயே அடுத்தது நசுங்குகிறது. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு. ஐந்து மாதத்தில் மூன்று விழுகை. எலும்பை மட்டும் கவனித்தாலும் போதாது, விழுவதை மட்டும் தடுத்தாலும் போதாது. இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டிய வேலை.

பத்து நாள் தாமதம் எப்படி வந்தது என்று பாருங்கள். வலி எம்.எஸ். என்று நீங்கள் நினைத்தீர்கள். கால் சோர்ந்தது எம்.எஸ். என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். ஒரு பெரிய நோய் உடம்பில் இருந்துவிட்டால் மற்ற எல்லாமே அதன் கணக்கில் எழுதப்பட்டுவிடும். இதை இனி நீங்கள்தான் காவல் காக்க வேண்டும்.

எம்.எஸ்.ஸில் மார்பையோ வயிற்றையோ சுற்றிக் கச்சை கட்டியதுபோல் இறுக்கும் வலி வரும் என்பது உண்மை. முள்ளெலும்பு நசுங்கினாலும் அங்கிருந்து கிளம்பும் நரம்பின் வழியே விலாவைச் சுற்றி அதே போல்தான் வரும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. எம்.எஸ். இறுக்கம் நீங்கள் படுத்தாலும் நின்றாலும் பெரிதாக மாறாது. சோர்வு, சூடு, மன உளைச்சலோடு கூடும் குறையும். எலும்பு வலி உடம்பு அசையும் கணத்தில் வெட்டும்: படுக்கையில் புரளும்போது, எழும்போது, தும்மும்போது. அசையாமல் படுத்தால் தணியும். வீட்டில் யாராவது நடுமுதுகின் எலும்பு வரிசையில் மேலிருந்து கீழாக விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வரட்டும். ஒரே ஒரு இடத்தில் நீங்கள் துள்ளினால், எக்ஸ்ரே எடுக்கும்வரை அதை எலும்பு முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கால் சோர்ந்த கதையும் அப்படியே. எம்.எஸ். உண்மையில் புதிதாகக் கிளம்பினால் அறிகுறி மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கூடி, 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். அப்போது காய்ச்சலோ தொற்றோ இருக்கக் கூடாது. உடம்புச் சூடு சற்றே ஏறினாலும் மேலுறை இழந்த நரம்பில் மின்துடிப்பு தடுமாறும், பழைய பலவீனம் அப்படியே தலைதூக்கும். சிறுநீர்த் தொற்று இதைச் செய்வதில் பேர்போனது. காய்ச்சலும் எரிச்சலும் இல்லாமலேகூடச் செய்யும். ஆகவே அடுத்த முறை கால் திடீரென்று கனத்தால், ஸ்டீராய்டுக்கு முன்னால் சிறுநீர்ப் பரிசோதனை. இதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. 3 முதல் 5 நாள் போடும் டிரிப்ஸ், மாதக்கணக்கில் தினமும் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை அளவுக்கு எலும்பைக் கெடுப்பதில்லை என்றாலும், தேவையில்லாத ஒவ்வொரு டோஸும் வீண்தானே.

தாமதிக்கவே கூடாத சில அறிகுறிகள் உண்டு. தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் புதிதாக மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் தெரியாமல் போவது, இரண்டு கால்களும் சில மணி நேரத்தில் தளர்வது. இவை ‘எப்போதும் இருக்கிறதுதானே’ என்று தோன்றும். எப்போதும் இருப்பதைவிட வேறாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வேறாக இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு. அதேபோல் படுத்தாலும் தணியாமல் இரவில் எழுப்பும் வலி, கூடவே காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால் முதுகெலும்பில் கிருமித் தொற்றோ கட்டியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்.எஸ்.ஸுக்காக நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இதில் இன்னும் உஷார்.

இனி சிமென்ட். ஊசி வழியே நசுங்கிய எலும்புக்குள் எலும்புச் சிமென்ட்டைச் செலுத்தும் முறை அது. கேட்கும்போதே சரியாகிவிடும் என்று தோன்றுகிற சிகிச்சை. ஆனால் 2009-ல் வெளியான இரண்டு ஆய்வுகளில் பாதிப் பேருக்குச் சிமென்ட் இல்லாமல் எல்லாச் சடங்கும் மட்டும் செய்துபார்த்தார்கள். வலி இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரேபோல்தான் குறைந்தது. முதல் சில வாரங்களுக்குள், தாங்க முடியாத வலியில் இருப்பவர்களுக்கு உதவலாம் என்று சொல்லும் ஆய்வும் பின்னால் வந்தது. எனவே நான் கோடு போடும் இடம் இது: சரியான அளவில் வலி மாத்திரை எடுத்தும் கட்டிலை விட்டு எழவே முடியாதவர், எம்.ஆர்.ஐ.யில் அந்த எலும்பில் நீர்க்கோத்து முறிவு புதியது என்று தெரிகிறது, தொட்டால் வலிக்கும் இடமும் அதே எலும்புதான். மூன்றும் பொருந்தினால் பேசலாம். உங்கள் வலி ஒன்பதிலிருந்து ஐந்துக்குத் தானே இறங்கியிருக்கிறது. தவிர, சிமென்ட் கசிந்து தண்டுவடப் பக்கம் போவது அரிது என்றாலும், ஏற்கெனவே தழும்பேறிய தண்டுவடத்துக்கு அந்த அரிய ஆபத்தும் அதிகம்தான். குப்புறப் படுத்த நிலையில் கால் வெட்டியிழுத்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த எம்.ஆர்.ஐ. இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். இரண்டு எலும்பில் எது புதிது, எது பழையது என்று எக்ஸ்ரே சொல்லாது.

பெல்ட்டை நான் எதிர்க்கவில்லை, ஆனால் அதன் வரம்பு சின்னது. உட்காரும்போதும் நடக்கும்போதும் மட்டும், மொத்தம் 6 முதல் 8 வாரம். அதற்கு மேல் போட்டால் முதுகுத் தசை வேலை மறந்துவிடும். உங்களுக்கு இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, பெல்ட்டுக்குள் உடம்பு சூடேறும், சூடேறினால் கால் கனக்கும். மெல்லிய பருத்தி உள்ளாடை போட்டு அதன்மேல் கட்டுங்கள், காலில் சோர்வு தெரிந்த உடனே கழற்றுங்கள். இரண்டு, உணர்ச்சி குறைந்த தோலில் பெல்ட் அறுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. கழற்றியதும் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்தும் மறையாத சிவப்பு இருந்தால் பெல்ட்டைச் சரிசெய்யாமல் மறுபடி போடாதீர்கள்.

படுக்கை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். முதல் ஓரிரு நாள் வலிக்காகப் படுத்திருக்கலாம். எடை தாங்காத எலும்பு கரையும், வேலை செய்யாத தசை கரையும். எம்.எஸ். இல்லாதவருக்கு அது திரும்ப வரும். பல வாரம் படுத்த உங்கள் வலது கால் அதே பலத்தோடு திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது. இனி நடப்பேனா என்று கேட்டீர்களே, அதற்கான பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது.

நடக்கவேண்டுமானால் வலி அடங்க வேண்டும். பாராசிட்டமால் 650 மில்லிகிராம் ஆறு மணிக்கொரு முறை, வலி வந்தபின் அல்ல, வருமுன். நீங்கள் கார்பமசெபின் எடுப்பதால் கல்லீரலுக்குக் கூடுதல் சுமை. எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 3 கிராமைத் தாண்டாதீர்கள், கல்லீரல் பரிசோதனை முடிவை உங்கள் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும். டிரமடால் என்ற கடும்வலி மாத்திரை எழுதிக்கொடுத்தால் கார்பமசெபின் பற்றி ஞாபகப்படுத்துங்கள். கார்பமசெபின் அதன் பலனைக் குறைத்துவிடும், டிரமடால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். நடைக்காக ஃபாம்ப்ரிடின் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை எதுவானாலும் தலைசுற்றலும் மலச்சிக்கலும் கூடவே வரும். எம்.எஸ்.ஸில் குடல் ஏற்கெனவே மந்தம். முக்கினால் நசுங்கிய எலும்பு வெட்டும். அந்த மாத்திரை தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், மூன்று நாள் பார்த்துவிட்டு அல்ல.

எலும்புக்கு வருவோம். நின்ற உயரத்திலிருந்தோ அதற்குக் கீழிருந்தோ விழுந்து முதுகெலும்பு நசுங்கினால், வேறு காரணம் இல்லாதவரை, ஸ்கேன் என்ன சொன்னாலும் அது எலும்பு மெலிவு நோயான ஆஸ்டியோபொரோசிஸ்தான். எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் அளவு தெரிந்துகொள்ளத்தான். அதை எடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். நசுங்கிய எல்-1 எலும்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நசுங்கியது கெட்டியாகத் தெரிந்து அளவை நல்லதாகக் காட்டிவிடும். இடுப்பு எடுக்கும்போது பலவீனமான வலது பக்கத்தையும் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் எலும்பு மெலிந்திருக்கும். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, பாராதைராய்டு, தைராய்டு, கிரியேட்டினின், கூடவே மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயை விலக்கப் புரத எலக்ட்ரோஃபோரிசிஸ். மாதவிடாய் 47-ல் நின்றது, நடமாட்டம் குறைந்தது, ஸ்டீராய்டு, கார்பமசெபின் என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. கார்பமசெபின் உடம்பில் வைட்டமின் டி-யை வேகமாகச் சிதைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; வேறு மருந்துக்கு மாற்றமுடியுமா என்று நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள்.

கால்சியம் உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம். வைட்டமின் டி பெரும்பாலானவர்களுக்குத் தினமும் 800 முதல் 1,000 யூனிட். உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம், ரத்த அளவைப் பார்த்து முடிவுசெய்வார்கள். அளவுக்கு மீறினால் அமுதமும் நஞ்சு என்பது இதற்கும் பொருந்தும். ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை மொத்தமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. கொடுக்கப்பட்ட பெண்கள் அதிகமாக விழுந்தார்கள், அதிகமாக எலும்பும் முறிந்தது.

இவை இரண்டும் அஸ்திவாரம் மட்டுமே, மருந்து வேறு. எலும்பு கரைவதைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம், எளிது, ஆனால் வெறும் வயிற்றில் ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். உங்களுக்கு அடிக்கடி புரையேறுமா? அத்தனை நேரம் உட்கார முடியுமா? இல்லையென்றால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும், அது உங்களுக்கு வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஸோலெட்ரானிக் அமிலம் நல்ல மாற்று. முதல் முறை போட்டபின் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். அந்தச் சூட்டில் கால் தற்காலிகமாகத் துவளும். அதை மறுபடி ரிலாப்ஸ், அதாவது எம்.எஸ். திரும்பக் கிளம்பிவிட்டது, என்று எண்ணிவிடாதீர்கள்! பாராசிட்டமாலை முன்கூட்டியே எடுத்து, நிறையத் தண்ணீர் குடித்து, அந்த நாட்களில் துணையில்லாமல் எழாமல் இருந்தால் போதும். வைட்டமின் டி குறைவைச் சரிசெய்து, சிறுநீரகத்தைப் பார்த்தபின்தான் இதைப் போடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தேர்ந்தால் ஒரு தேதியைக்கூடத் தவறவிட முடியாது. தள்ளிப்போட்டாலோ நிறுத்தினாலோ எலும்பு வேகமாகக் கரைந்து ஒரே நேரத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்குவதுண்டு. இரண்டு எலும்பு நசுங்கிய உங்களைப் போன்றவருக்கு, புதிதாக எலும்பைக் கட்டும் டெரிபாரடைடை முதலில் தொடங்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள்: தினமும் 20 மைக்ரோகிராம் தோலுக்கடியில் ஊசி, அதிகபட்சம் இரண்டு ஆண்டு, முடிந்ததும் மேலே சொன்னவற்றில் ஒன்று. முதல் சில ஊசிகளில் எழுந்தால் தலைசுற்றும் என்பதால் கட்டிலில் இருக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். ஸோலெட்ரானிக், டெனோசுமாப் எதுவானாலும் முன்னதாகப் பல் மருத்துவரிடம் பிடுங்கல் வேலைகளை முடித்துவிடுவது நல்லது.

இப்போது நீங்கள் விழுந்த மூன்று தடவைகள். எம்.எஸ். உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எந்த மூன்று மாதத்தை எடுத்தாலும் ஒருமுறையாவது விழுகிறார்கள். ‘நான் எப்படியும் விழத்தான் செய்வேன்’ என்று பலர் சொல்லக் காரணம் அதுதான். ஆனால் உங்கள் மூன்றும் மூன்று வேறு சம்பவங்கள்.

இரவு இரண்டரை மணி: பாக்லோஃபெனும் கார்பமசெபினும் முழுவீச்சில் இருக்கும் நேரம், அடக்க முடியாத சிறுநீர் உந்துதல், அரை இருட்டு, படுத்திருந்துவிட்டுச் சட்டென எழுந்த ரத்த அழுத்தம். பாக்லோஃபென் தசை இறுக்கத்தைத் தளர்த்தும், ஆனால் உங்கள் வலது கால் நிற்பதே ஓரளவு அந்த இறுக்கத்தின் தயவில்தான். அளவு கூடினால் முழங்கால் மடங்கும். டோஸை மாற்றுவது மருத்துவர் வேலை. திடீரென நிறுத்தினால் வலிப்பும் கடும் காய்ச்சலும் வரலாம். நீங்கள் செய்யக்கூடியது: படுக்கையோரம் கமோடு நாற்காலி, காலடி தெரியும் இரவு விளக்கு, எழுந்து ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்திருப்பது. ஐந்து நிமிடம் படுத்தபின் ஒருமுறை, நின்று ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில் ஒருமுறை என ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ குறைந்தால் அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் பார்ப்பதும் அவசியம். மிஞ்சும் நீர்தான் தொற்றுக்கும் இரவு ஓட்டத்துக்கும் விதை.

இரண்டாவது, வெந்நீர். சூடேறினால் பலவீனம் தலைதூக்கும் இதற்குப் பெயரே உண்டு: ஊத்தாஃப் விளைவு, 1890-ல் அதை விவரித்த மருத்துவரின் பெயரால். வெதுவெதுப்புக்கு மேல் போகாதீர்கள், உட்கார்ந்து குளியுங்கள், குளித்தபின் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து உடம்பு ஆறியபின் எழுங்கள். இன்னொரு ஆபத்தான நொடி பலருக்குத் தெரியாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கண்தான் ஊன்றுகோல். வாஷ்பேசின் முன் நின்று முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடிக் குனிகிறீர்களே, அந்தக் கணம் ஊன்றுகோலைப் பிடுங்கியதுபோல் ஆகிவிடும். முகம் கழுவுவது, தலைக்குச் சட்டை மாட்டுவது, இரண்டும் உட்கார்ந்துதான். கைப்பிடி சுவரில் திருகு போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். துண்டு போடும் கம்பி உங்கள் எடையைத் தாங்காது.

மூன்றாவதுதான் எலும்பை நசுக்கியது. உட்காருவதும் ஒரு விழுகைதான், வேகத்தைக் கால் தசை பிடித்துக்கொள்ளும் விழுகை. உங்கள் வலது தொடை கடைசி அரை அடியில் கைவிட்டுவிடுகிறது. நாற்காலியில் தினமும் நாலைந்து தடவை ‘தொப்’பென்று விழுவீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. தரை வரை போகாததால் அது கணக்கில் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தொப்பும் டி-12, எல்-1 மீது விழும் சுத்தியல் அடி. எனவே இப்படிப் பழகுங்கள். கட்டிலருகே வந்ததும் ஒற்றைக் காலில் சுழலாமல், சிறு சிறு அடியாக நாலைந்து எட்டில் அரைவட்டம் திரும்புங்கள். இரண்டு கெண்டைக்காலிலும் கட்டில் விளிம்பு பட வேண்டும். வலது காலில் உணர்ச்சி தெரியாவிட்டால் திரும்பிக் கண்ணால் பாருங்கள். ஒரு கை பின்னால் போய் மெத்தையைத் தொடட்டும். முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடங்கி, மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டே இறங்குங்கள். கட்டில் உயரம், நீங்கள் உட்கார்ந்தால் பாதம் தட்டையாகத் தரையில் பட்டு, முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே இருக்குமளவு. மெத்தை விளிம்பு அமுங்கிச் சரிந்தால் மாற்றவேண்டியது மெத்தையை. வழுக்கும் விரிப்பு ஆகாது. கழிப்பறை இருக்கையையும் உயர்த்திக்கொள்ளுங்கள்.

எழுவதற்கு: உங்கள் இடது பக்கம் கட்டில் விளிம்புப் பக்கமாக இருக்கும்படி படுங்கள். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே மரக்கட்டைபோல் இடது பக்கம் புரள வேண்டும். இடது பாதத்தை வலது கணுக்காலுக்கு அடியில் கொடுத்து இரண்டு காலையும் வெளியே இறக்குங்கள். அதே நேரம் இடது முழங்கையாலும் வலது உள்ளங்கையாலும் மெத்தையைத் தள்ளி எழுங்கள். நேராக நிமிர்ந்து எழுந்தால் நசுங்கிய எலும்பின் முன்விளிம்பில்தான் முழு அழுத்தமும் விழும். தும்மல் வந்தால் ஒரு கையைத் தொடையில் ஊன்றி முதுகை நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

காலணி குதிகாலையும் பிடித்துக்கொள்வதாக இருக்கட்டும்; செருப்பில் தொங்கு பாதம் மடங்கும். கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் இருந்தால் விரல் நுனி தட்டுவது பெரிதும் குறையும். கைத்தடி இடது கையில், அதன் பிடி நிமிர்ந்து நிற்கையில் மணிக்கட்டுக் கோட்டுக்கு நேராக. எலும்பு கூடும்வரை தடியைவிட வாக்கர் நல்லது, ஆனால் உயரம் குறைந்த வாக்கர் உங்களைக் குனியவைக்கும். நடந்துகொண்டே போனில் பேசாதீர்கள். நின்று பேசிவிட்டு நடங்கள். மூளைக்கு இரண்டு வேலை கொடுத்தால் அது முதலில் விடுவது காலைத்தான்.

மீறி விழுந்தால்? மகள் செய்ததுபோல் அக்குளில் இழுக்கவே கூடாது. தோளும் போகும், முதுகும் வளைந்து முறுக்கும். முதலில் இரண்டு நிமிடம் அப்படியே கிடந்து, கை கால் அசைகிறதா, புது வலி எங்கே என்று பாருங்கள். முதுகில் புதிதாகக் கடும் வலியோ கால் மரத்ததோ இருந்தால் அசையாமல் ஆம்புலன்ஸ். இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையில் ஊன்றி, தவழும் நிலைக்கு வாருங்கள். மகள் ஒரு கனமான நாற்காலியை உங்கள் முன்னால் வைத்து அழுத்திப் பிடிக்கட்டும். இரு கையையும் இருக்கையில் ஊன்றி, பலமுள்ள இடது பாதத்தை முன்னே வைத்து எழும்புங்கள். அரைவாசி எழுந்ததும் மகள் இன்னொரு நாற்காலியைப் பின்னால் தள்ளட்டும். இதைப் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில், எலும்பு கூடியபின், விழாத நாளில் ஒத்திகை பார்க்க வேண்டும். தனியாக இருக்கையில் போன் மேசைமேல் அல்ல, கழுத்திலோ இடுப்பிலோ. தரையில் மணிக்கணக்காகக் கிடப்பது விழுந்ததைவிடக் கெடுதல். தோல் புண்ணாகும், தசை நசிந்து சிறுநீரகத்தைத் தாக்கும்.

பயிற்சியில் ஒரே ஒரு தடை: குனிந்து கால்விரலைத் தொடுவது, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி, உடம்பை முறுக்குவது. 1984-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், முன்வளைவுப் பயிற்சி செய்தவர்களில் பெரும்பாலோருக்கு மேலும் எலும்பு நசுங்கியது. பின்னோக்கி நிமிரும் பயிற்சி செய்தவர்களில் அது வெகு குறைவு. இப்போதே செய்யக்கூடியது, மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் மெத்தையில் அழுத்தி 5 விநாடி பிடித்து விடுவது, பத்து முறை. ஆறு வாரத்துக்குப் பின் உட்கார்ந்தபடி தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, உயரமான இருக்கையிலிருந்து மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருவது. காலையில், உடம்பு ஆறியிருக்கும்போது, பாதிச் சோர்வு வந்ததுமே நிறுத்துங்கள்.

நடப்பீர்கள். ஆனால் எல்லா நேரமும் நடக்க வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். மாலைச் சோர்விலும் நெடுந்தூரத்திலும் சக்கர நாற்காலியில் போய், மிச்சப்பட்ட பலத்தைக் காலை நடைக்கு வைத்துக்கொள்வது கணக்குத் தெரிந்தவர் செய்யும் வேலை. அதிலும் விழலாம் என்பதால் ஒன்று மட்டும்: ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு பிரேக்கும் போட்டு, காலடித் தட்டுகளை மடக்கிவிட்டுத்தான் பாதம் தரையில் படவேண்டும். தட்டின்மேல் நின்று எழுந்தால் நாற்காலி முன்னால் கவிழும்.